புள்ளி வைத்த பீஸ்

அந்தத் தொழிற்சாலையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் ஒருவரும் இல்லை. நகத்தக்கா என்றால்தான் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். மற்ற விரல்களில் நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு, வலது கட்டைவிரலில் மட்டும் அரிசி அளவுக்கு வளர்த்து வைத்திருப்பாள். அந்த நகத்தை இரும்பின் விளிம்பில் ஓட்டிப் பார்த்தே பிழைப்பு நடத்தியவள். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் போகாது. சொந்தக்காரர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், தட்டில் சாப்பாடு விழும் முன்னே அவள் நகம் தட்டின் விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடும். "என் வீட்டுத் தட்டையும் ரிஜெக்ட் பண்ணிடாதம்மா" என்று நாத்தனார் கேலி செய்வாள்.

அங்கே செய்தது பெரிய சாமான் ஒன்றும் இல்லை. வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் பிரேக் எண்ணெய் போகிற ரப்பர் குழாய் ஒன்று தொங்கும். அது ஆடாமல் இருக்க ஓர் இரும்புப் பிடி வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்குகிற பீஸ், நடுவில் ஓர் ஓட்டை. குழாய் அந்த ஓட்டை வழியாகத்தான் போகும். ஓட்டையின் விளிம்பில் கூரான இரும்புப் பிசிறு இருந்தால், வண்டி குலுங்கக் குலுங்க அது குழாயை அறுக்கும். ஒரு நாளில் அறுக்காது, ஒரு மாதத்தில் அறுக்காது. அறுக்கிற அன்றைக்கு வண்டியில் யார் இருப்பார்களோ, யார் கண்டது. நகத்தக்காவுக்கு அந்த நினைப்பு எப்போதும் உண்டு. சாலையில் வண்டி ஒன்று கிறீச்சென்று நின்றால் திரும்பிப் பார்க்காமல் போகமாட்டாள்.

பிரஸ் மெஷின் வெட்டிப் போடும். அரம் பிடிக்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்து ஓட்டையை ராவிப் பிசிறைத் தேய்த்துவிடுவார்கள். ராவி முடித்த தட்டில் மஞ்சள் அட்டை மாட்டிவிட்டால், அதற்குப் பிறகு செக்கிங் மேஜைக்கு வரும்வரை ஒரு கை அதில் படக்கூடாது. பட்டால் அன்றோடு சீட்டுக் கிழிந்தது என்று அர்த்தம். போன வருஷம்தான் ஒருவனை அதற்காக வீட்டுக்கு அனுப்பினார்கள். செக்கிங் மேஜையில் விளக்கு ஒன்று, நாற்காலி ஒன்று. இந்தப் பக்கம் பச்சைத் தட்டு, அந்தப் பக்கம் சிவப்பு டப்பா. அந்தப் பகுதியிலேயே உட்கார்ந்து செய்கிற வேலை ராவுகிறவர்களுக்கும் இவளுக்கும்தான். ராவுகிறவர்களுக்குக் கிடைத்தது முக்காலி, இவளுக்கு முதுகு சாய்கிற நாற்காலி. பல வருஷம் மண்ணெண்ணெய்த் தொட்டிக்கு முன்னால் நின்று பீஸ் கழுவி, கைத்தோல் உரிந்து, முழங்கால் வீங்கி, கேட்டுக் கேட்டு வாங்கிய நாற்காலி அது. "என் புருஷன் எனக்குக் கட்டில் வாங்கிப் போட்டாரு. கம்பெனிக்காரன் நாற்காலி குடுத்தான். ரெண்டுல இதுதான் நல்லாத் தூங்க வைக்கும்" என்பாள். தூங்கமாட்டாள், சும்மா சொல்வாள்.

அரம் பிடிக்கிறவர்களில் ஒருவன் அவளுடைய கொழுந்தன். இவள் புருஷனோடு கூடப் பிறந்தவர்கள் மூன்று பேர். மூத்தவள் அந்தக் கேலிக்கார நாத்தனார், லாரிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். அடுத்தவர் தையல்காரர், அவருக்குப் பிள்ளை இல்லை. மூன்றாவது இவள் புருஷன். கடைக்குட்டி இந்தக் கொழுந்தன், கல்யாணமான பிறகும் இவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவன். செல்லமாக வளர்ந்ததால் அவனிடம் ஒரு குணம் ஒட்டிக்கொண்டது. எதையாவது உடைத்துவிட்டால் சொல்லமாட்டான். யாருக்கும் தெரியாமல் ஒட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவான். இவள் அந்த வீட்டுக்கு வந்த புதிதில் இவளுடைய பீரோக் கண்ணாடியை உடைத்துவிட்டு, பசை போட்டு ஒட்டி வைத்திருந்தான். அதில் முகம் பார்த்தால் இவளுக்கு மூக்கு இரண்டாகத் தெரியும். "யாருடா இது?" என்று கேட்டபோது, அண்ணன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றவன். இப்போது தலையில் பாதி நரைத்துவிட்டது, குணம் மட்டும் நரைக்கவில்லை. அவன் இடது கைக்காரன். ராவுகிற வரிசையில் அவன் அரம் மட்டும் எதிர்ப்பக்கம் போய்வரும்.

இவ்வளவு நாளும் அவன் தற்காலிக ஆள்தான். இந்த மாதம் நிரந்தர வேலைக்கான ஆர்டர் வரப்போகிறது என்று பேச்சு.

புதிதாக வந்த தர அதிகாரிக்குப் பேனா சார் என்று பெயர். யாராவது ஏதாவது சொல்லும்போதெல்லாம் பேனாவை டக் டக் என்று அழுத்திக்கொண்டே இருப்பார். கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பமாட்டார். அவர் கொண்டுவந்ததுதான் பொறி பீஸ். பிசிறு இருக்கிற பீஸ் ஒன்றைத் தேடி எடுத்து, அதன் முதுகில் ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி குத்தி, ராவி முடித்த தட்டில் யாருக்கும் தெரியாமல் கலந்துவிடுவார். செக்கிங்கில் அது பிடிபட வேண்டும். பிடிபடாவிட்டால் செக்கிங் ஆளின் கண் சரியில்லை என்று கணக்கு.

நகத்தக்காவுக்கு இது முதல் நாளே பிடிக்கவில்லை. "எலிக்கு வெக்கிற மாதிரி வெக்கிறாரு" என்பாள். ஆனால் ஒன்றையும் விட்டதில்லை. பிடித்ததும் சிவப்பு டப்பாவில் போடமாட்டாள். எழுந்து போய், அவருடைய டீ கிளாஸின் மேல் மூடி மாதிரி அதை வைத்துவிட்டு, பேசாமல் திரும்பி வருவாள்.

ஒரு நாள் ஷிப்ட் முடியப் போகிற நேரத்தில் பேனா சார் வந்து நின்றார்.

"அக்கா, இன்னிக்கி என் டீக்கு மூடி வரலையே?"

"வர்றதா இருந்தா வந்திருக்கும் சார்."

"நான் காலையிலயே போட்டுட்டேனே."

சிவப்பு டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தாள். பிசிறு பீஸ்கள் இருந்தன, புள்ளி வைத்தது இல்லை. அப்படியென்றால் அது பச்சைத் தட்டு வழியாகப் பெட்டிக்குள் போயிருக்க வேண்டும். பெட்டிகளோ ஒட்டி அடுக்கி, லாரிக்குக் காத்துக்கொண்டிருந்தன.

அத்தனையையும் பிரித்தார்கள். வீட்டுக்குக் கிளம்பியவர்களை எல்லாம் பைகளைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டார் சூப்பர்வைசர். ஒவ்வொருவரும் தரையில் குந்தி, பீஸைப் புரட்டிப் புரட்டிப் புள்ளியைத் தேடினார்கள். "நகத்துக்கு வயசாயிடுச்சுப்பா, கண்ணாடி வாங்கி மாட்டுங்க" என்றான் பிரஸ்காரன். "என் பஸ் போச்சு. இனிமே நகத்தக்கா தோள்லதான் ஏறிப் போகணும்" என்றாள் ஒருத்தி. நகத்தக்கா தலை நிமிரவில்லை. தேடிக்கொண்டே இருந்தாள். பேக்கிங்காரி ஒருத்திதான் கடைசியில் அதைக் கண்டெடுத்தாள்.

பேனா சார் புள்ளியைப் பார்த்தார். "இதுதான். நானே குத்தினது."

நகத்தக்கா அதை வாங்கி, ஓட்டைக்குள் நகத்தை விட்டு ஒரு சுற்று ஓட்டினாள். வழவழவென்று போனது. மறுபடி ஓட்டினாள்.

"சார், இது நல்ல பீஸு. பிசிறே இல்லை."

"இருந்துச்சு. என் விரலையே கீறிச்சு, பாருங்க." விரலை நீட்டினார். கீறல் இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை.

"அப்ப பிசிறு எங்க போச்சு? ரெக்கை முளைச்சுப் பறந்துடுச்சா?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். கையில வாங்கினதும் நீங்க எதாவது பண்ணிட்டீங்களா?"

"என் நகம் என்ன அரமா சார்? அப்படி ராவுற நகம் இருந்தா உங்களுக்கு ஓர் ஆள் சம்பளம் மிச்சமாகும்!"

குந்தியிருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். பேனா சாருக்குக் காது சிவந்தது. அந்தச் சிரிப்புதான் அவளுக்கு வினையாகிப் போனது என்று பிற்பாடு சொன்னவர்கள் உண்டு.

அவள் பீஸை விளக்குக்குக் கீழே கொண்டுபோய்ப் பார்த்தாள். ஓட்டைக்குள் அரம் பட்ட கோடுகள் தெரிந்தன. இரண்டு விதக் கோடுகள். பழையவை ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. அவற்றின் மேலே, புதிதாக, பளபளவென்று, எதிர்ப்பக்கம் சாய்ந்த கோடுகள். அவள் தலையைத் தூக்கி அர வரிசையைப் பார்த்தாள். கொழுந்தன் தன் அரத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக்கொண்டிருந்தான். சுத்தமாக இருந்த அரத்தை அவ்வளவு தேய்த்தான். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

வாய்வரை வந்தது. ஒரு வார்த்தை போதும், அவன் வீட்டுக்குப் போவான், இவள் நாற்காலியில் உட்காருவாள். பிறகு வீட்டில் எந்த முகத்தோடு உட்காருவது? புருஷனின் தம்பியை வேலையிலிருந்து விரட்டியவள் என்று நாத்தனார் முதல் தையல்காரர் பெண்டாட்டி வரை பேசித் தீர்த்துவிடுவார்கள். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் வீம்பு. செய்தவன் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான், அவன் வாயால் வரட்டும் என்று நின்றாள். அவன் வாயைத் திறக்கவில்லை.

"பொறி பீஸ் பெட்டிக்குள்ள போனா, செக்கிங் தப்பவிட்டதுன்னுதான் விதி. அடுத்த வாரம் நம்ம பீஸ் வாங்குற கம்பெனிக்காரங்க வர்றாங்க. அவங்களுக்கு நான் பதில் சொல்லணும். நாளையிலிருந்து நீங்க பேக்கிங்ல நில்லுங்க" என்றார் பேனா சார்.

சாயங்காலம் கொழுந்தன் வீட்டுக்குள் வராமல், முற்றத்துக் குழாயில் கை கழுவிக்கொண்டே இருந்தான்.

"எவ்வளவு கழுவினாலும் இடது கை இடது கைதான்" என்றாள் அவள்.

"அண்ணி..."

"எதுக்குத் தொட்ட?"

"அட்டை மாட்டின தட்டுல பிசிறு பீஸ் ஒண்ணு மேலயே கெடந்துச்சு. நான்தான் ராவாம விட்டுட்டேனோன்னு பயந்துட்டேன். உங்க கைக்கு வந்தா சிவப்புல போடுவீங்க, என் பேர்ல ஒண்ணு ஏறும். ஆர்டர் வர்ற நேரம். டக்குனு எடுத்து ராவிப் போட்டுட்டேன்."

"புள்ளி கண்ணுல படலையா?"

"பிரஸ்ல பட்ட குத்துன்னு நெனச்சேன் அண்ணி."

"நாளைக்குப் போய் இதை அப்படியே சார்கிட்ட சொல்லு."

"சொல்றேன். சத்தியமாச் சொல்றேன். ஆர்டர் மட்டும் கையில வரட்டும். இப்ப சொன்னா என்னைத் தூக்கிடுவாங்க."

உள்ளே பாத்திரங்கள் டமார் டமார் என்று விழுந்தன. அவன் பெண்டாட்டி, நகத்தக்காவின் ஓரகத்தி, கதவருகே வந்து நின்றாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு நாற்காலிதானே போச்சு? இவருக்கு வேலையே போயிடும்."

"நாற்காலிதானே! என் முழங்காலை ஒரு நாளைக்கு நீ மாட்டிக்கிட்டு நடந்து பாரு, தெரியும்."

"ஃபாக்டரியைச் செருப்போட வாசல்லயே விட்டுட்டு வாங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றார் அவள் புருஷன், செய்தித்தாளை மடக்காமலே.

"உங்க தம்பியை ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா நீங்க?"

"அவன் சின்னப் பையன்."

"யாரு? அந்த நரைச்ச தலையா?"

கொழுந்தன் அதற்குள் அண்ணன் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டிருந்தான். அவளுக்குப் பீரோக் கண்ணாடி ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. யாரும் அவளைச் சாப்பிடச் சொல்லவும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

பேக்கிங்கில் நாள் முழுக்க நிற்க வேண்டும். டேப்பை இழுக்கிற சர் சர் சத்தம் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அவளுடைய விளக்கு தெரியும். அதன் கீழே, ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஸ்டோர் அண்ணனைக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். நல்ல உயரமான ஆள். முதல் நாளே திருகைத் திருப்பி நாற்காலியை உயர்த்திக்கொண்டார். அதைப் பார்த்தபோது, தன் பிள்ளைக்கு வேறு யாரோ தலை சீவிவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் வேறு ஒட்டியிருந்தார்கள். 'தப்பவிட்டவர்' என்று போட்டு அவள் பெயர். அவளுடைய நிஜப் பெயர். "இது யாருப்பா புது ஆளு?" என்று பிரஸ்காரன் கேட்டானாம்.

ஆர்டர் வந்தது. கொழுந்தன் வாக்குத் தவறவில்லை, அது வந்த மறுநாள் காலையிலேயே பேனா சார் அறைக்குப் போனான். திரும்பி நேராகப் பேக்கிங்குக்கு வந்தான்.

"சொல்லிட்டேன் அண்ணி. எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"'அக்கா தப்பவிட்டதா எழுதின அறிக்கை, பீஸ் வாங்குற கம்பெனிக்குப் போயாச்சு. இப்ப போய் மாத்திச் சொன்னா நம்ம மானம்தான் போகும். கிளறாதே. ஆர்டரைப் பத்திரமா வெச்சுக்கோ. ராவச் சொன்ன அளவுக்கு மட்டும் ராவு, வேற எதையும் தொடாதே'ன்னாரு."

"அவ்வளவுதானா?"

"டீ குடிக்கிறியான்னு கேட்டாரு."

"குடிச்சியா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"குடிச்சுட்டியா! என் நாற்காலியை வித்து டீ குடிச்சுட்டு வந்திருக்கே!" கையிலிருந்த டேப் கட்டையை அட்டைப்பெட்டி மேல் அடித்துவிட்டாள். பேக்கிங்காரிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவன் போய்விட்டான்.

அதற்குப் பிறகுதான் வேறொன்று நடந்தது. பிரஸ்ஸில் இருந்த அச்சு தேய ஆரம்பித்திருந்தது. அச்சு தேய்ந்தால் வெட்டு மழுங்கும், பிசிறு கொஞ்சம் கொஞ்சமாகக் கனக்கும். முன்பெல்லாம் கொழுந்தன் இதைக் கண்டால் கூட ஓர் இழுப்பு இழுத்துவிடுவான், பக்கத்து ஆள் விட்டதையும் சேர்த்து. இப்போது பயந்து போயிருந்தான். சொன்ன அளவுக்கு மட்டும் ராவினான். மற்றவர்களும் அவனைப் பார்த்து அப்படியே. மிச்சப் பிசிறு செக்கிங்குக்கு வந்தது. அங்கேயிருந்து பேக்கிங்குக்கும் வந்தது.

பேக்கிங்காரி பீஸைப் பார்க்க வேண்டியதில்லை, அடுக்கினால் போதும். ஆனால் நகத்தக்காவின் கட்டைவிரலுக்கு யார் அதைச் சொல்வது? அடுக்கும்போதே ஒன்று நறுக்கென்று பிடித்தது. எடுத்துக்கொண்டு போய் ஸ்டோர் அண்ணன் முன்னால் வைத்தாள்.

"அண்ணே, இதைப் பாருங்க."

அவர் பீஸைக் கவிழ்த்து முதுகைப் பார்த்தார். "புள்ளி இல்லையேம்மா."

"புள்ளி கெடக்கட்டும். ஓட்டைக்குள்ள பிசிறு இருக்கா, பாருங்க."

"பிசிறு பீஸ்னா சார் புள்ளி குத்தியிருப்பாரும்மா. குத்தாம விடுவாரா? எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க, புள்ளி வெச்சதை விட்டுடாதேன்னு. கண்ணு பூத்துப்போற அளவுக்குப் பாக்குறேன், ஒரு புள்ளி தப்பல." சொல்லிவிட்டு அந்தப் பீஸை மறுபடி பச்சைத் தட்டிலேயே போட்டார்.

அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அந்த மனிதர் என்ன செய்வார். ராவுகிறவன் அளவுக்கு ராவுகிறான், பார்க்கிறவர் புள்ளியைப் பார்க்கிறார், அடுக்குகிறவள் அடுக்குகிறாள். எல்லாரும் சொன்னதைச் செய்கிறார்கள், பிசிறு மட்டும் யாருக்கும் சொந்தமில்லாமல் பெட்டிக்குள் போய் உட்காருகிறது. அப்படியே உட்கார்ந்து எந்த வண்டிக்கோ போகும். அவள் பச்சைத் தட்டிலிருந்து அதைத் திரும்ப எடுத்துத் தன் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

மத்தியானச் சாப்பாட்டு மணிக்குள் பை கனத்துவிட்டது. பேக்கிங் சூப்பர்வைசர் கத்தினார்: "நகத்தக்கா, வேகம்! பெல்ட்ல பீஸ் குவியுது!" அவள் டேப் கட்டையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு நடந்தாள்.

பேனா சார் அறையில் டீ இருந்தது. பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கிளாஸ் மேல் மூடினாள். மிச்சத்தை மேஜையில் கொட்டினாள். கலகலவென்ற சத்தத்தில் அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"என்னக்கா இது?"

"உங்க டீக்கு மூடி சார். ரொம்ப நாளா வரலையே."

அவர் கிளாஸ் மேலிருந்ததை எடுத்தார். எடுத்த கையோடு, தன்னை அறியாமலே, கவிழ்த்து முதுகைப் பார்த்தார். "நான் போடலையே இதை" என்றார்.

"நீங்களும் புள்ளியைத்தான் பாக்குறீங்க."

அவர் பேனா நின்றது. பீஸைத் திருப்பி, ஓட்டைக்குள் விரலை விட்டார். உடனே எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். பழைய கீறலுக்குப் பக்கத்திலேயே புதுசு. கொஞ்ச நேரம் விரலை வாயிலேயே வைத்துக்கொண்டு மேஜையில் கிடந்ததைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் பிரஸ்ஸை நிறுத்தச் சொன்னார்.

மறுபடி பெட்டிகளைப் பிரித்தார்கள். மறுபடி எல்லாரும் தரையில் குந்தினார்கள். இந்த முறை யாரும் பஸ்ஸைப் பற்றிப் பேசவில்லை. குவியல் குவியலாகப் பிசிறு வந்தது. ஸ்டோர் அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "அப்பாடா, என்னை ஸ்டோருக்கே அனுப்பிடுங்க சார்" என்று கெஞ்சினார்.

"போய் உக்காருங்கக்கா" என்றார் பேனா சார்.

"அந்தத் தாளு?"

"எது?"

"பலகையில என் பேரு போட்டு ஒட்டியிருக்கிறது. உங்களுக்குத்தான் இப்ப உண்மை தெரியுமே."

அவர் பேனாவை இரண்டு தடவை அழுத்தினார். "அது போன மாசக் கணக்குக்கா. முடிஞ்சு போச்சு. அதை எடுத்தா எதுக்கு எடுத்தேன்னு நான் மேல எழுதணும். மாசம் முடிஞ்சா அதுவாவே கீழே வந்துடும்."

"அதுவாவே" என்று அவள் திரும்பச் சொன்னாள். கேட்டதில் பாதி கிடைத்தது. கிடைக்காத பாதியைப் பற்றிப் பேசினால் கிடைத்ததும் போய்விடுமோ என்று இருந்தது. அப்படி இருந்ததே அவளுக்கு அவமானமாகவும் இருந்தது.

போய் உட்கார்ந்தாள். கால் தரையில் எட்டவில்லை, சின்னப் பிள்ளை மாதிரி தொங்கியது. திருகைத் திருப்பப் பார்த்தாள். ஸ்டோர் அண்ணன் இறுக்கியது இறுக்கியதுதான், அசையவில்லை. பக்கத்தில் யாரோ வந்து ஸ்பேனரோடு குந்தினார்கள். இடது கையில் ஸ்பேனர்.

"எவ்வளவு எறக்கணும் அண்ணி?"

அவன் திருகைத் தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினான். அவள் பாதம் தரையில் பட்டதும் நிறுத்தி, இறுக்கினான். அவளுடைய கட்டைவிரல் தானாகவே இருக்கையின் அடி விளிம்பில் ஒரு சுற்றுப் போய், ஓர் இடத்தில் நின்றது.

"இங்க ஒரு பிசிறு இருக்கு" என்றாள்.

அவன் முகம் மலர்ந்தது. "அரம் கொண்டாரேன், ஒரு நொடியில ராவிடலாம்."

"தொட்டே, கையை முறிச்சுடுவேன்."

அவன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். அவள் விளக்கைத் தன் பக்கம் இழுத்து, முதல் பீஸை எடுத்தாள். எதிரே பலகையில், மின்விசிறிக் காற்றுக்கு அந்தத் தாள் படபடத்துக்கொண்டிருந்தது. நான்கு மூலையிலும் நன்றாக ஒட்டியிருந்தார்கள், அவ்வளவு சீக்கிரம் விழாது.